15 மாணவர்கள், 23 போட்டிகள், ஒரே அணி

கம்ப்யூட்டர் இதழில் பள்ளி மாணவர்களின் அறிவியல் போட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கட்டுரையின் பாதியில் அதற்குப் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

கம்பெனி வேலையாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். உடன் வேலை பார்த்த கோயமுத்தூர்க்காரர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் இருக்கைக்கு வந்தார். "தம்பி, நாளைக்கு ரூம்ல சும்மாதானே இருப்பீங்க? பையனோட சயின்ஸ் போட்டிக்கு மார்க் போட ஆள் பத்தலையாம். வாங்க, மத்தியானம் பீட்ஸா உண்டு" என்றார். பனிக்காலத்தில் சனிக்கிழமைக்கு வேறு திட்டம் எதுவும் இருக்க முடியாது. பீட்ஸாவுக்காகத்தான் போனேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டம். ஒரு பையன் நான்கடி நீள அட்டைப் பெட்டியை, உள்ளே கைக்குழந்தை இருப்பது போலத் தூக்கிக்கொண்டு போகிறான். இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பையும் ஒரு சர்க்யூட் போர்டையும் வைத்துக்கொண்டு, தெர்மாஸ் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிப் பார்க்கிறார்கள். இன்னொரு மூலையில் மூன்று பேர் பேப்பர், பென்சிலோடு மின்னல் வேகத்தில் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே அணியின் சட்டை போட்டிருந்தார்கள்.

இதன் பெயர் சயின்ஸ் ஒலிம்பியாட்.

நம் ஊரில் ஒலிம்பியாட் என்றால் என்ன நினைவுக்கு வரும்? ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுப்பாக்கும் தனி நபர் தேர்வு. இது அதுவல்ல. ஒரு பள்ளிக்கு ஓர் அணி. அணியில் அதிகபட்சம் 15 பேர். மொத்தம் 23 போட்டிகள். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு பேர், சிலவற்றில் மூன்று பேர் சேர்ந்து கலந்து கொள்ள வேண்டும். தனியாளாக ஜெயிப்பது என்ற பேச்சே இங்கு இல்லை. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை ஒரு பிரிவு. 9 முதல் 12 வரை இன்னொரு பிரிவு. பிளஸ் டூ மாணவர்களையே நிரப்பி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக, பெரியவர்கள் பிரிவில் 12ஆம் வகுப்பு மாணவர்கள் 7 பேருக்கு மேல் இருக்க முடியாது.

டெலவேர் மாநிலத்து அறிவியல் ஆசிரியர் ஜாக் கேர்ன்ஸ், மிச்சிகனைச் சேர்ந்த டாக்டர் ஜெரார்டு புட்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து 1984ல் இதனைத் தேசிய அளவில் அமைத்தார்கள். 1985ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். கொரோனாவினால் 2020ல் தேசியப் போட்டி ரத்தானது. 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆன்லைனில் நடந்து, 2023ல்தான் விசிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நேரில் கூடினார்கள்.

மார்க் போடும் முறை

மார்க் போடப் போனவன் என்பதால் இதனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2, இப்படியே. 23 போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டினால் எந்த அணிக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதற்கே கோப்பை. ஓர் அணி எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்தால் மொத்தம் 23 புள்ளிகள். அப்படி யாரும் வாங்குவதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு போட்டிக்கு அணியிலிருந்து யாருமே போகவில்லை என்றால், வந்திருக்கும் அணிகளின் எண்ணிக்கையோடு ஒன்று சேர்த்துப் புள்ளி போடுவார்கள். 40 அணிகள் இருந்தால் 41 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல அணி ஒன்று 22 போட்டிகளில் சராசரியாக 6ஆம் இடம் பிடிக்கிறது: 132. ஒரு போட்டியைக் கோட்டை விட்டால் 132 + 41 = 173. இன்னோர் அணி எல்லாவற்றிலும் சராசரி 7ஆம் இடம்தான். ஆனால் 23க்கும் ஆள் அனுப்பியது. 23 × 7 = 161. கோப்பை இரண்டாவது அணிக்கு. ஆகவே, யாரும் சீந்தாத போட்டிக்குப் போகும் இருவர்தான் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறார்கள்.

அன்று மதியம் அப்படி ஒரு காட்சியைப் பார்த்தேன். ஒரே நேரத்தில் இரண்டு போட்டிகளுக்குத் தன் பெயர் போடப்பட்டிருப்பதை ஒரு பையன் கடைசி நிமிடத்தில்தான் கவனித்தான். ஓடிக்கொண்டே இருந்தான், பாவம்.

அட்டவணை போடுவது லேசான வேலை இல்லை. 23 போட்டிகளுக்கு இரண்டிரண்டு பேர் என்றாலே 46 இடங்கள். 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்றுக்கு மேல். போட்டிகள் மணிக்கணக்கில் அடுக்கடுக்காக நடக்கும். ஒரே மணியில் நான்கைந்து. இதற்கு எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். பலர் செய்யும் தவறு, போட்டிகளை வரிசையில் எழுதி எதிரே பெயர்களைப் போடுவது. தலைகீழாகச் செய்திடுங்கள். இடது பக்கம் 15 மாணவர்களின் பெயர். மேலே மணி நேரங்கள். கட்டங்களுக்குள் போட்டியின் பெயர். ஒரு மாணவனுக்கு ஒரு மணிக்கு ஒரே கட்டம்தான் என்பதால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ள வழியே இல்லை. அடுத்து, கீழே போட்டிகளின் பட்டியலை எழுதி கவுண்ட்இஃப் பங்ஷன் மூலம் ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 2 வராத இடங்களை மட்டும் சிவப்பாக்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கும் இதே ஷீட் உதவும்.

கம்ப்யூட்டர் கொண்டு வரக் கூடாத கம்ப்யூட்டர் போட்டி

எனக்கு மிகவும் பிடித்தது கோட்பஸ்டர்ஸ் என்னும் போட்டி. மூன்று பேர், 50 நிமிடம், ஒரு கட்டு ரகசியச் செய்திகள். உடைத்துப் படிக்க வேண்டும். பென்சில், ரப்பர், கூட்டல் கழித்தல் போடும் சாதாரண கால்குலேட்டர் மட்டுமே அனுமதி. லேப்டாப்பும் மொபைலும் வாசலோடு சரி.

முதல் கேள்வி மட்டும் நேரம் பார்த்து நடக்கும். அதை 10 நிமிடத்துக்குள் உடைத்தால், மிச்சமாகும் ஒவ்வொரு நொடிக்கும் போனஸ். எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதிய ஆங்கில வாக்கியம்தான் அது. ஆங்கிலத்தில் அதிகம் வருவது இ என்ற எழுத்து, அடுத்து டி, ஏ. தனியாக ஓர் எழுத்து நின்றால் அது ஏ அல்லது ஐ. இந்த இரண்டு தகவல்களோடு தொடங்கி, பழகிய பிள்ளைகள் இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு மணியடிக்கக் கை தூக்குகிறார்கள். நான் பின்னால் உட்கார்ந்து அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.

அடுத்தடுத்த கேள்விகளில் கணக்கு நுழைகிறது. உதாரணமாக, அஃபைன் என்ற முறை. ஏ = 0, பி = 1 என்று தொடங்கி இசட் = 25 வரை எண் கொடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணையும் 5ஆல் பெருக்கி 8ஐக் கூட்டுங்கள். 25க்கு மேல் போனால் 26ஐக் கழித்துக்கொண்டே வாருங்கள். எச் என்ற எழுத்தின் எண் 7. பெருக்கினால் 35, கூட்டினால் 43, 26ஐக் கழித்தால் 17. 17 என்பது ஆர். ஆக, எச் என்பது ஆர் ஆகிவிட்டது.

திரும்ப எப்படி வருவது? 8ஐக் கழிக்கலாம், 9 கிடைக்கும். ஆனால் 9ஐ 5ஆல் வகுத்தால் முழு எண் வராதே! இங்குதான் அழகு. வகுப்பதற்குப் பதில் 21ஆல் பெருக்க வேண்டும். ஏன் 21? 5 × 21 = 105. இதிலிருந்து 26ன் மடங்கான 104 போனால் மிச்சம் 1. ஆக 21ஆல் பெருக்குவது 5இன் வேலையை அழித்துவிடுகிறது. 9 × 21 = 189; 182 போக மிச்சம் 7. எச் திரும்பி வந்துவிட்டது. பெருக்கும் எண்ணாக 5க்குப் பதில் 2 வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் போட்டுப் பாருங்கள். 0 என்ற ஏவும் 13 என்ற என்னும் ஒரே எழுத்தாக மாறிவிடும். திரும்பி வரவே முடியாது. இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையின் அடியிலும், மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் இதே வகைக் கணக்குதான் மிகப் பெரிய எண்களில் ஓடுகிறது. நான் இதனை இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியவன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு போட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தமிழில் இப்படிச் செய்ய முடியுமா என்று அன்று இரவே முயன்றேன். புரோகிராம் எழுதி ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளினால், திரையில் வெறும் கட்டங்கள். காரணம் வேடிக்கையானது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் 72தான் நிரம்பியிருக்கின்றன. க என்பதன் எண் 2965. அடுத்து வரும் ங என்பதோ 2969. நடுவில் மூன்று காலி இடங்கள். க மூன்று இடம் தள்ளினால் காலி மனையில் போய் விழுகிறது. போதாக்குறைக்கு, கா என்பது கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்தல்ல. க, அதன் பின் ஒரு துணைக்கால் என இரண்டு. காலை மட்டும் தனியாகத் தள்ளினால் அது எதன் மேலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும். தமிழுக்குச் செய்வதென்றால் 247 எழுத்துகளையும் முதலில் ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலில் தள்ள வேண்டும். விடுமுறையில் இருக்கும் மாணவர்கள் முயலலாம்.

வெந்நீர்ப் பெண்கள்

காலையில் பிளாஸ்க்கோடு பார்த்த இரண்டு பெண்களும் டிடெக்டர் பில்டிங் போட்டிக்கு வந்தவர்கள். ஒரு பருவத்தில் வெப்பநிலை, இன்னொரு பருவத்தில் நீரில் உப்பின் அளவு என்று, அளக்கும் கருவி ஒன்றை அவர்களே செய்து வர வேண்டும். வெப்பநிலையை நேரடியாக எண்ணாகத் தரும் ரெடிமேட் சென்சார் கூடாது.

அவர்கள் பயன்படுத்தியது தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். சூடு ஏற ஏற இதன் மின் தடை குறையும். அதோடு ஒரு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், நடுவில் கிடைக்கும் வோல்டேஜ் சூட்டுக்கு ஏற்ப மாறும். ஆர்டினோ ஊனோ போர்டு இந்த 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகத் தருகிறது. அதாவது ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். இந்த எண்ணை டிகிரியாக மாற்றுவதில்தான் எல்லாச் சிரமமும். ஐஸ் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வெந்நீர் என்று பல நிலைகளில் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுக் குறித்து, கால்க்கில் கிராப் போட்டு, புள்ளிகளின் ஊடாகப் போகும் வளைகோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடித்து, அதனை புரோகிராமில் எழுத வேண்டும். போட்டியில் முன்பின் தெரியாத சூட்டில் தண்ணீர் வைப்பார்கள். திரையில் வெப்பநிலை வர வேண்டும். அன்று அறிவிக்கும் எல்லைகளுக்கு ஏற்பச் சரியான வண்ண விளக்கும் எரிய வேண்டும்.

வீட்டில் முயல விரும்பினால் போர்டு வாங்கும் முன் டிங்கர்கேட் தளத்தில் திரையிலேயே சர்க்யூட் அமைத்து, புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். இலவசம். பொருளே கருகாது என்பது கூடுதல் வசதி.

ரோபோ டூர் என்ற போட்டியும் 2024, 2025 பருவங்களில் நடந்தது. 50 செ.மீ. கட்டங்களாகப் பிரித்த தரையில், மரக்கட்டைத் தடைகளைச் சுற்றி ரோபோ தானே ஓடி இலக்கை அடைய வேண்டும். தடைகள் எங்கே என்பது அன்றுதான் தெரியும். முக்கியமான விஷயம், வேகமாகப் போனால் பயனில்லை. நடுவர் சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு கேம் ஆன் என்று ஒரு போட்டி இருந்தது. தலைப்பு ஒன்றைக் கொடுத்து, ஸ்கிராட்ச் மென்பொருளில் 50 நிமிடத்தில் இருவர் ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டும். அதை ஏன் எடுத்தார்களோ, எனக்கு வருத்தம்தான்.

எல்லாமே இப்படி இனிமையாக இல்லை. உடலியல், வானியல் போன்ற படிப்புப் போட்டிகளில் குறிப்புத் தாள் கொண்டு போகலாம். அந்தத் தாளில் எறும்பு ஊர்ந்தது போல எழுத்தைச் சுருக்கி இரண்டு பக்கமும் அடைத்து வருகிறார்கள். அதில் தேடி எழுதுவதை அறிவியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசதியான பள்ளிகள் வாரத்துக்கு ஒரு பயிற்சிப் போட்டிக்குப் போகின்றன. மற்றவை வட்டாரப் போட்டியோடு சரி. அமெரிக்காவிலும் கதை இதுதான்.

எனக்குக் கொடுத்த வேலை

நான் மார்க் போட்டது ரைட் இட் டூ இட் என்னும் போட்டிக்கு. எழுது, செய் என்று சொல்லலாம். எந்தக் கருவியும் தேவைப்படாத இதுதான் 23லும் மிகவும் கடினமானது என்பது என் கட்சி.

ஓர் அறையில் மேசை மேல் ஒரு பொருள் இருக்கும். ஸ்ட்ரா, ஐஸ் குச்சி, பைப் கிளீனர், தெர்மோகோல் உருண்டை என்று கண்டதையும் சேர்த்து ஒட்டிய, எதற்கும் பயன்படாத ஒரு விநோத உருவம். அணியில் ஒருவர் அதைப் பார்த்து 25 நிமிடத்தில் வர்ணித்து எழுத வேண்டும். படம் வரையக் கூடாது. எழுதியவர் போய்விடுவார். தாளை வாங்கி இன்னோர் அறையில் இருக்கும் ஜோடியிடம் கொடுப்போம். அவர் அந்தப் பொருளைப் பார்த்ததே இல்லை. மேசையில் உதிரிப் பொருள்கள் மட்டும் இருக்கும். 20 நிமிடத்தில் தாளைப் படித்து அதே உருவத்தைச் செய்ய வேண்டும். எந்தத் துண்டு எந்த இடத்தில் எந்தத் திசையில் சரியாக இருக்கிறது என்று எண்ணி நாங்கள் மார்க் போடுவோம்.

ஒரு தாளில் "நீளமான நீல ஸ்ட்ராவை உருண்டையில் குத்தவும்" என்று இருந்தது. உருண்டை மூன்று இருந்தன. செய்ய வேண்டிய பையன் இரண்டு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தாளில் எல்லாம் சரி. ஆனால் இடது, வலது யார் பக்கமிருந்து என்று சொல்லவில்லை. உருவம் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி வந்தது. மிகச் சிறந்த தாள் அணியில் மிகவும் சத்தமில்லாத ஒரு பெண் எழுதியது. முதல் மூன்று வரிகளில் அவள் எந்தத் துண்டையும் பற்றிப் பேசவே இல்லை. அடித்தட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அதைப் படித்தபோது எனக்கு இரண்டு ஞாபகங்கள் வந்தன. இரண்டும் பெருமைப்படக் கூடியவை அல்ல.

ஒன்று, வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு. ஒரு சாப்ட்வேரை இன்னொரு குழுவிடம் ஒப்படைக்க நான் ஒரு குறிப்பு எழுதினேன். அதில் ஆறாவது வரி, "பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும்". எங்களிடம் இரண்டு சர்வர்கள் இருந்தன. இரவு இரண்டு மணிக்குப் போன் வந்தது. தவறானதை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, எதிர்முனையில் இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். விடியும்வரை இருவரும் உட்கார்ந்து சரி செய்தோம்.

இன்னொன்று அதற்கும் முந்தையது. 1993 முதல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வந்திருப்பது பலருக்குத் தெரியும். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் பிரச்னை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே பேசலாம். நான் ஒன்பதாவது படித்தபோது எங்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீர் பற்றி ஐந்து பேர் குழுவாக ஆய்வு செய்தோம். செய்தோம் என்றா சொன்னேன்? நன்றாகப் படிக்கும் ஒருவன் எழுதினான், பேசினான். இன்னொருத்தி படம் வரைந்தாள். நான் சார்ட் சுருளைப் பஸ்ஸில் மடங்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன். சான்றிதழில் ஐந்தாவது பெயர் என்னுடையது. குற்றம் மாநாட்டின் மேல் இல்லை. அதன் விதிகளில் எங்கும் ஒருவன் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று இல்லை. நாங்கள் அப்படி ஆக்கிக்கொண்டோம். என்னிடம் யாரும் எதையும் எழுதச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரைட் இட் டூ இட் போட்டியில் சார்ட் பிடிக்கும் வேலை கிடையாது. இரண்டே பேர். நடுவில் ஒரு தாள்.

ஊரில் ஒரு சோதனை

திரும்பி வந்த பின் கோடை விடுமுறையில் விருதுநகர் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். தெருப் பிள்ளைகள் 12 பேர் சிக்கினார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள். பீட்ஸாவுக்குப் பதில் ஐஸ் என்று ஒப்பந்தம். ஆறு ஜோடிகள். எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுதுபவர்கள், பின்கட்டில் செய்பவர்கள். பொருள்: ஒரு தீப்பெட்டி, நான்கு தீக்குச்சிகள், இரண்டு கோலிக்குண்டு, ஒரு ரப்பர் பேண்ட், பாட்டில் மூடி ஒன்று, கொஞ்சம் களிமண்.

நீங்கள் வீட்டில் செய்வதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். பத்துத் துண்டுக்கு மேல் போகாதீர்கள். அதையே சரியாகச் செய்ய யாராலும் முடியவில்லை. நேரத்தை மொபைலில் வைத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய சோதனை.

முதல் சுற்றில் எழுதியதைப் படித்துச் சிரித்து மாளவில்லை. "குண்டை மூடிக்குள் போடு." எந்தக் குண்டு? பச்சையா, வெள்ளையா? "குச்சியைக் குத்து." எவ்வளவு ஆழம்? ஒரு பையன் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று எழுதினான். அதுவே வலது, இடதைவிடத் தெளிவாக இருந்தது. ஏனென்றால் யாருடைய கை என்ற கேள்வி உடனே எழுந்தது. எட்டாவது படிக்கும் ஒரு பெண் புத்திசாலித்தனமாக, "கிணற்றுப் பக்கம் ஒரு குச்சி, தெருப் பக்கம் ஒரு குச்சி" என்று எழுதினாள். திண்ணையில் உட்கார்ந்தவளுக்குத் தெரு எதிரே. பின்கட்டில் உட்கார்ந்த அவள் அத்தை மகளுக்குக் கிணறு எதிரே. உருவம் அப்படியே முன்பின்னாக மாறிவிட்டது.

"நான் எழுதினபடி நீ செய்யலடி" என்றாள் இவள். "நீ எழுதினதுதான் இது, படிச்சுப் பாரு" என்றாள் அவள். இரண்டு பேரும் தாளை நடுவில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சண்டை. நான் தலையிடவில்லை. கிணற்றடிக்கும் திண்ணைக்கும் இரண்டு தடவை நடந்து பார்த்தார்கள். அதற்குள் ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது. மற்ற பிள்ளைகள் கலைந்தார்கள்.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் வாசலில் நின்றாள். "மாமா, இன்னிக்கும் வைப்பீங்களா?" புதிதாக ஓர் உருவம் செய்து வைத்தேன். எழுத உட்கார்ந்தவள் முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடவே இல்லை. பிறகு எழுதினாள். தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது. முதல் வரி இது: "தீப்பெட்டியில் படம் போட்ட பக்கம் உன் மூஞ்சியைப் பார்த்து இருக்கட்டும், வைத்துவிட்டாயா, இனி பெட்டியைத் திருப்பாதே."